ரத்தத்தில் எல்லாம் தெரியும்

எங்கள் ஊர்ப்பக்கத்து ஆண்கள் ரத்தம் கொடுக்க வருவதே ஒரு கூத்து. நாமக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். கொழுப்பு டெஸ்ட் என்றால் முந்தின ராத்திரியிலிருந்து வெறும் வயிறாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இவர்களோ ஒரு வாரம் முன்னாலேயே கறியை நிறுத்துவார்கள். முட்டையை நிறுத்துவார்கள். கடலை எண்ணெய் டின் இருக்கும் திசையைக்கூடப் பார்க்க மாட்டார்கள். பழனிக்கு மாலை போட்டவன்கூட இப்படி விரதம் இருக்க மாட்டான். ரத்தம் கொடுத்த கையோடு, பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே எதிர் ஓட்டலுக்குப் போய்க் குடல் கறி இருக்கிறதா என்று கேட்பார்கள். "ஏனுங்க, டாக்டரை ஏமாத்தறீங்களா, உங்களையே ஏமாத்திக்கறீங்களா?" என்று வாசல் வரை போய்க் கேட்டிருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

விரதமே இல்லாமல் வருகிற தைரியசாலிகளும் உண்டு. ராத்திரி பிரியாணி தின்றுவிட்டுக் காலையில் நல்ல பிள்ளையாகக் கையை நீட்டுவார்கள். ரத்தக் குழாயை மெஷினில் வைத்துச் சுற்றினால் சிவப்பெல்லாம் கீழே படிந்து, மேலே மஞ்சளாகத் தெளிந்த நீர் நிற்கும். நன்றாகக் கொழுப்பு தின்றவனுக்கு அது தெளியாது, மோர் ஊற்றின மாதிரி வெளுத்துக் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "நேத்து ராத்திரி கறி பலமோ?" என்று கேட்பேன். ஆள் ஆடிப்போய்விடுவார். இப்படி நாலு பேரிடம் கேட்டது போதும், ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு ரத்தத்தைப் பார்த்தாலே எல்லாம் தெரிந்துவிடும், அவளிடம் எதையும் மறைக்க முடியாது என்று பேசிக்கொண்டார்கள். ரத்தத்தில் எல்லாம் தெரியாது, கேட்ட டெஸ்ட்டுக்கு மட்டும்தான் அது பதில் சொல்லும் என்று நான் ஒருத்தரிடமும் திருத்திச் சொல்லவில்லை. எனக்கு அது பெருமையாக இருந்தது. சொன்னால் என்ன, வாய்தான் நீளமாயிற்றே, அதை மட்டும் சொல்லவில்லை.

அப்படி நம்பியவர்களில் முதல் ஆள் என் மாமா. எனக்கு இரண்டு வகையிலும் அவர் மாமா. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. அவர் மகனுக்கே என்னைக் கட்டிக்கொடுத்ததால் மாமனார். நான் ஏழாவது படிக்கும்போது அப்பா போய்விட்டார். பத்தாவதோடு என்னை மில் வேலைக்கு அனுப்பலாம் என்று சொந்தக்காரர்கள் பேசியபோது, லாரியை வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு வந்து, "இது படிக்கற புள்ளை, படிக்கட்டும்" என்று சொன்னவர் அவர். சேலத்தில் லேப் படிப்புக்குச் சேர்த்து, ஹாஸ்டலில் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுப் போனவரும் அவர்தான். முட்டை லோடு ஏற்றிக்கொண்டு முப்பது வருடம் வடக்கே ஓட்டியவர். அத்தை இறந்தபிறகு வண்டியை விட்டுவிட்டு, சேந்தமங்கலம் போகிற வழியில் எங்களுக்கு இருக்கும் இரண்டு ஏக்கரில் கடலையும் ஐந்தாறு ஆடுமாக இருந்தார். என் வீட்டுக்காரர் போர் போடுகிற ரிக் வண்டியோடு வெளி மாநிலத்தில் இருப்பவர், வருடத்துக்கு இரண்டு தடவை தலைகாட்டுவார். மகள் சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். ஆக, வீட்டில் மாமாவும் நானும்தான் இருந்தோம்.

வடக்கே ஓட்டிய காலத்தில் நெய் சொட்டச் சொட்ட ரொட்டி தின்ற மனுஷன். ஞாயிற்றுக்கிழமை கறி இல்லாவிட்டால் முகம் தொங்கிவிடும். ஆனாலும் அவர் ரத்தத்தில் கொழுப்பு ஒரு தடவைகூட ஏறினதில்லை. வருடத்துக்கு ஒருமுறை நான்தான் எடுப்பேன். அந்த ரிப்போர்ட்டுகளையெல்லாம் லாரி ஆர்.சி. புத்தகம் வைக்கிற பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். டீக்கடையில் எவனாவது மாத்திரை போடுவதாகச் சொன்னால் போதும், உறையைப் பிரித்துவிடுவார். "எங்க அம்முணி எடுத்தது, பாரு" என்பார். அவன் கொழுப்பைப் பற்றிப் பேச வந்தானா, என் பெருமையைக் கேட்க வந்தானா என்று தெரியாமல் முழிப்பான்.

ஐந்து வருடத்துக்கு முன்னால், ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கென்று எங்கள் ஊரில் ஓர் இலவச முகாம் போட்டார்கள். கல்யாண மண்டபத்தில் நாற்காலி போட்டு நாங்கள் மூன்று பெண்கள் ரத்தம் எடுத்தோம். கூடவே ஆளுக்கொரு படிவம் நிரப்ப வேண்டும். முன்பக்கம் சாப்பாடு: மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய், வாரம் எத்தனை நாள் கறி, எத்தனை முட்டை, புகையிலை உண்டா. பின்பக்கம் ஐந்து கேள்விகள். மூத்திரம் அடிக்கடி வருகிறதா, ராத்திரியில் இரண்டு தடவைக்கு மேல் எழுந்திருக்கிறீர்களா, போகும்போது சிரமம் உண்டா, முழுக்கப் போகாத மாதிரி இருக்கிறதா, ரத்தம் கலந்து வந்ததா. ஒவ்வொன்றுக்கும் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம். ஆண்களுக்கு மூத்திரப்பைக்கு அடியில் இருக்கிற புரோஸ்டேட் சுரப்பியைப் பற்றிய கேள்விகள் அவை. ஓர் 'ஆம்' விழுந்தாலும் அந்த ஆளுக்குத் தனியாக இன்னொரு ரத்த டெஸ்ட் எழுதி அனுப்ப வேண்டும் என்று முகாம் நடத்தியவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

வந்தவர்களில் பாதிப்பேர் எனக்குப் பெரியப்பா முறை, சித்தப்பா முறை, மாமன் முறை. அவர்களைப் பார்த்து ராத்திரி எத்தனை தடவை மூத்திரத்துக்கு எழுந்திருக்கிறீர்கள் என்று எப்படிக் கேட்பது? என்னோடு இருந்த பெண் ஒருத்தி துணிந்து ஒரு பெரியவரிடம் கேட்டாள். "ஏம்புள்ளை, இதையெல்லாமா கேப்பே? உங்கூட்டுல ஆம்பளைங்களே இல்லியா?" என்றார் அவர். மண்டபமே சிரித்தது. அவள் முகம் செத்துப்போயிற்று. அப்புறம் நாங்கள் மூன்று பேரும் ஒன்றும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, கை தானாகவே செய்தது. முன்பக்கம் கேட்டு எழுதுவோம். பக்கத்தைத் திருப்புவோம். 'இல்லை' கட்டத்தில் மேலிருந்து கீழே ஐந்து டிக். அடுத்த ஆள். தானாக வாயைத் திறந்து சொன்ன ஒன்றிரண்டு பேருக்கு மட்டும் 'ஆம்' விழுந்தது. மூன்று பெண்கள் கூச்சப்பட்டதில், எங்கள் ஊரில் ஐம்பது தாண்டிய ஆண்களுக்கு மூத்திரத் தொந்தரவே கிடையாது என்று ஆகிவிட்டது.

மாமா அன்று முதல் ஆளாக ரத்தத்தைக் கொடுத்துவிட்டு ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார். அவர் படிவத்தை நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். சாயங்காலம் ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

"மாமா, உங்க ரத்தம் பன்னீராட்டம் இருக்குதுங்க. கொழுப்பெல்லாம் அளவுக்குள்ளதான்."

"பின்னே? நானென்ன உக்காந்து தின்னவனா?"

"சரிங்க, கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. மாசத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் ஆகுதுங்க?"

"ஊத்தறவ நீ. என்னைக் கேட்டா?"

"கறி?"

"வாரத்துக்கு ஒருக்கா. நீ மனசு வெச்சா ரெண்டு தடவை."

"முட்டை?"

"அதைக் கேக்காதே. லாரியில ஒடைஞ்ச முட்டையெல்லாம் எழுதோணும்னா இந்தக் காயிதம் பத்தாது."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன். வெளியாட்களிடமே கேட்காத கேள்வியை மாமாவிடமா கேட்பேன்? என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா பார்த்தவர். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஐந்து டிக் போட்டேன். "அவ்வளவுதானா, சாமி?" என்றார். "அவ்வளவுதானுங்க மாமா" என்றேன். அவர் காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்து ஒரு டீ கேட்டார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சல். ரிப்போர்ட் நன்றாக வந்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு டீ போடப் போனேன்.

அதற்குப் பிறகு கண்ணுக்கு முன்னால் என்னென்னவோ நடந்தது. பொழுது இறங்கினால் தண்ணீர் குடிக்க மாட்டார். கல்யாணம் காட்சி என்றால் முதல் பந்தியில் உட்காருகிறவர், பஸ்ஸில் போக வேண்டிய ஊர் என்றால் முழங்கால் வலிக்கிறது என்று என்னை மட்டும் அனுப்பிவைத்தார். மேட்டூரில் ஒரு நெருங்கிய சொந்தத்தின் இழவுக்கே போகவில்லை, ஊரே பேசியது. அவரைப் பார்த்து நானும் கோபப்பட்டேன். "முப்பது வருசம் கல்கத்தா வரைக்கும் ஓட்டினவருக்கு மேட்டூர் தூரமாப் போச்சுங்களா?" என்று கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பிரியாணி தின்றவனைக் குழாயில் கண்டுபிடிக்கிற கெட்டிக்காரி நான். த்தூ!

மூன்றாவது வருடம் இடுப்பு வலி என்றார். லாரி சீட்டில் உட்கார்ந்த இடுப்பு அப்படித்தான் இருக்கும் என்று நானே சொன்னேன். எண்ணெய் காய்ச்சித் தேய்த்தோம், மாத்திரை வாங்கிப் போட்டோம், பட்டை வாங்கிக் கட்டினோம். ஒருநாள் கடலைக்கொடிக் கட்டைத் தூக்கக் குனிந்தவர் நிமிர முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சேலத்துக்குக் கூட்டிப்போனேன். எக்ஸ்ரே, ஸ்கேன், அப்புறம் அந்த ரத்த டெஸ்ட். முகாமில் 'ஆம்' விழுந்தவர்களுக்கு எழுதின அதே டெஸ்ட். புரோஸ்டேட்டில் ஆரம்பித்த புற்றுநோய் எலும்புக்குப் போய்விட்டது என்றார் டாக்டர்.

எப்போதிலிருந்து தொந்தரவு என்று டாக்டர் கேட்டபோது மாமா சுவரைப் பார்த்தார். "அம்முணி கொஞ்சம் வெளியில இருக்கட்டுங்க" என்றார். வெளியே போனேன். திரும்பக் கூப்பிட்டதும் டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்: "மூணு வருஷமா இருக்காம். உங்க ஊர்ல ஏதோ முகாம் போட்டாங்களாமே, அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கு. முகாம்ல இதைக் கேட்டிருப்பாங்களே?"

"கேக்கலைங்க" என்றேன். பொய் இல்லைதானே.

அங்கேயே அழுதிருக்க வேண்டும். அழாமல் வாதம் பண்ணினேன். "இவருக்குக் கொழுப்பு எப்பவும் சரியாத்தாங்க இருந்துச்சு. வருசா வருசம் நானே பார்த்திருக்கேன். இந்த நோவு வெளிநாட்டுக்காரங்களுக்குத்தானே நிறைய வருதுன்னு சொல்றாங்க, அவங்கதானே கொழுப்பா திங்கறாங்க?" என்று படபடவென்று கேட்டேன். நோயோடு வழக்காடி ஜெயித்துவிடலாம் என்கிற மாதிரி.

டாக்டர் பொறுமைசாலி. "அந்த நாடுகள்ல அதிகம்தாம்மா. இங்கிருந்து அங்க போய்க் குடியேறினவங்களுக்கும் கூடுதுன்னு சொல்றாங்க. சாப்பாடா, கொழுப்பா, வேற ஏதாவதான்னு உலகம் முழுக்கத் தேடிட்டுதான் இருக்காங்க, இன்னும் உறுதியா சொல்ல முடியல. ஆனா ரத்தத்துல கொழுப்பு சரியா இருக்கு, அதனால இது வராதுன்னு மட்டும் யாரும் சொல்ல முடியாது."

"நம்ம பக்கம் கொறைவுன்னு சொல்றாங்களேங்க?"

"கொறைவுதான். அதுல நெஜமாவே வராதவங்க எத்தனை பேரு, நாம கேக்காம விட்டவங்க எத்தனை பேரு? அதைப் பிரிச்சுச் சொல்ல எங்கிட்டக் கணக்கு இல்லை."

என்னிடம் இருந்தது. ஒரு மண்டபத்துக் கணக்கு, ஐந்தைந்து டிக்காக. வெள்ளைக்காரன் நாட்டையும் நம் நாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பெரிய படிப்பாளிகளுக்கு இங்கே குறைவு என்று தெரிகிறதென்றால், அப்படித் தெரிய வைத்தவர்களில் நானும் ஒருத்தி. திரும்பி வரும்போது காரில் மாமா தூங்கிவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, சத்தம் வராமல் இருக்கச் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன்.

அடுத்த வாரமே மண்டபத்துக்கு வந்தவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனேன். கேட்டேன். ஒருவர் திட்டினார், ஒருவர் கதவைச் சாத்தினார், இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றார்கள். அவர்களை டாக்டரிடம் அனுப்பிவைத்தேன். இரண்டு பேருக்கும் வயதுக்கு வருகிற வீக்கம்தான், புற்று இல்லை. புண்ணியம் தேடிக்கொண்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஐந்து நிமிடத்தில் கேட்டு முடிகிற கேள்வி அது என்று அந்த வாரம் முழுக்க எனக்கு நானே நிரூபித்துக்கொண்டிருந்தேன், வேறொன்றுமில்லை.

மாமாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போட்டார்கள். ஆணின் சுரப்பை அடக்குகிற ஊசி. குப்பென்று வேர்க்கும். "உங்கத்தை நாப்பத்தஞ்சு வயசுல இப்படித்தான் விசிறியும் கையுமா இருந்தா, நான் கேலி பண்ணுவேன்" என்று சிரித்தார். அந்த ஊசிக்கு ரத்தத்தில் கொழுப்பு ஏறும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஏறியது. மாமா வாழ்நாளில் முதல் தடவையாக ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் ஓர் எண் வந்தது. கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "ஏன் அம்முணி, பத்தியமாத்தானே இருக்கறேன்?" என்றார். ஊசியால்தான் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். ஆனால் அந்தத் தாளை மட்டும் உறையில் வைக்கவில்லை, மடித்துத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டார். வெட்கப்பட்டார் ஐயா, அந்த நிலைமையிலும். அதைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போய் என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

கறி வேண்டாம் என்றார். நான் எண்ணெய் தாராளமாக விட்டு வறுத்துக் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு துண்டு தின்றார், எனக்காக. என் வீட்டுக்காரர் ரிக் வேலையை விட்டுவிட்டு வந்து ஒரு மாதம் இருந்தார். அப்பாவுக்குக் குளிக்க வார்த்தார், தூக்கி உட்கார வைத்தார். அவரிடம் நான் படிவத்தைப் பற்றிச் சொல்லவில்லை. முதலில் சொல்ல வேண்டிய ஆள் அவர் இல்லை.

மாமா போவதற்கு இருபது நாளுக்கு முன்னால், ஒரு காலையில் அவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். நரம்பு அகப்படவில்லை. இரண்டு தடவை குத்தியும் வரவில்லை. குத்தின இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தினேன். "மெதுவா எடு சாமி, நானெங்கே ஓடிப்போறேன்" என்றார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"மாமா, நான் ஒரு பாவம் பண்ணிப்போட்டேனுங்க" என்று ஆரம்பித்தேன். முகாமைச் சொன்னேன், பின்பக்கத்தைச் சொன்னேன், கேட்காமல் டிக் போட்டதைச் சொன்னேன். அன்றைக்கே கேட்டிருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருக்கலாம், எலும்புக்குப் போயிருக்காது என்று சொன்னேன். திட்டுவார், அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலாம் என்றிருந்தது.

"அந்தக் காயிதந்தானே?" என்றார். "நான் பாத்தேனே. கண்ணாடியைப் போட்டுட்டு உன்ற பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். ராத்திரியில ரெண்டு தடவைக்கு மேலயான்னு அச்சுல இருந்துச்சு. அய்யோ, இந்தப் புள்ளை இதைக் கேட்டா என்னத்தைச் சொல்றதுன்னு எனக்கு ஒடம்பே கூசிப்போச்சு. கேட்டிருந்தா சொல்லித்தான் இருப்பேன். நீ கேக்கலை. வரிசையா இல்லைன்னு போட்டே."

"ஏனுங்க மாமா அப்பவே சொல்லலை?"

"எதுக்குச் சொல்லோணும்? என்ற ரத்தத்தைப் பாத்துப்போட்டு வந்தவ நீ. படிச்சவ. ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சுதானே இல்லைன்னு போடறே? அப்பறம் வயசானா வாறதுதான் போலிருக்குதுன்னு உட்டுப்போட்டேன்."

"அது ரத்தத்துல தெரியாதுங்க மாமா" என்றேன். "நான் பாத்த டெஸ்ட்டுல அது தெரியவே தெரியாதுங்க." சொல்ல வேண்டிய வருடமெல்லாம் சொல்லாமல் விட்டதை, வார்த்தைக்கு வார்த்தை விக்கி விக்கிச் சொன்னேன்.

அவருக்கு அது காதில் விழுந்ததா, விழுந்தும் வேண்டாமென்று விட்டாரா தெரியவில்லை. பஞ்சு வைத்த கையை விட்டுவிட்டு மற்றக் கையை என் தலைமேல் வைத்தார்.

"அழுகாதே சாமி. அதுக்கு முன்னால ரெண்டு மாசம் எனக்குச் சோறே எறங்கலை, என்ன சீக்கோ ஏதோன்னு பயந்துட்டுக் கெடந்தேன். நீ இல்லைன்னு போட்டதுக்கப்பறம் மூணு வருசம் நிம்மதியா இருந்தேன். எல்லாம் உன்னாலதான்."

குத்திக்காட்டுகிற குணம் அவருக்குக் கிடையாது. நன்றியாகத்தான் சொன்னார்.